ஷெரினின் கணக்கில் விழுந்த காசு

1

போன மாதம் என் மகள் லீனாவுக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. கேக் வெட்டிய மறுநாளே வங்கியிலிருந்து எனக்குக் கடிதம் வந்துவிட்டது. கடிதம் என்றால் காகிதம் இல்லை, கைபேசியில்தான். இன்றிலிருந்து உங்கள் மகளின் கணக்கை நீங்கள் பார்க்க முடியாது, அவர் சம்மதமில்லாமல் அதைப் பற்றி நாங்கள் உங்களோடு பேசவும் மாட்டோம் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

நான் நோர்வேயில் பேர்கன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். காலை ஆறே கால் பஸ், ஓட்ஸ் கஞ்சி, உருளைக்கிழங்கு, மீன், பிறகு பாத்திரம். வெளியே மழை. பேர்கனில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. பெய்யாத நாளைத்தான் சொல்வார்கள். தேநீர் இடைவேளையில் அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பின்னேரம் லீனாவிடம் காட்டினேன்.

"இது எல்லாருக்கும் வாறதுதானே அம்மா. நீ ஏன் யோசிக்கிறாய்?" என்றாள்.

இந்த ஊர்ப் பேச்சில் நீயும் நீங்களும் ஒன்றுதான். ஆகவே லீனாவின் தமிழில் எனக்கும் நீ, கோயில் பாதருக்கும் நீ. திருத்தித் திருத்திக் களைத்துப்போய் விட்டுவிட்டேன்.

நான் யோசித்தது லீனாவின் கணக்கைப் பற்றி அல்ல. என் தங்கை மகள் ஷெரின் கணக்கு தொடங்கியபோதும் அவளுக்கு இதே பதினெட்டு வயதுதான். அவளுக்கு இப்படி ஒரு கடிதம் யாரும் எழுதவில்லை. அவளுடைய கணக்குக்குள் நான் இருந்தேன்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இதை வாசிக்கிற சிலருக்கு ஷெரினின் முகம் தெரிந்திருக்கும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க பெரியம்மா. ஆனா என்னைப் பற்றி மட்டும் இல்ல, உங்களைப் பற்றியும் எழுதுங்க" என்றாள்.

2

நானும் தங்கை ஜெசிந்தாவும் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர்கள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஜெசிந்தா இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளார்க். அவளுடைய கணவர் ஷெரின் சிறு பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார்.

நான்கு வருடங்களுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு ஸ்கான் எடுக்க வேண்டும், வெளியே எடுத்தால் சுணங்காது என்றார்கள். நான் இங்கே வங்கியில் போய் நின்றேன். படிவம், கேள்வி, மூன்று வேலை நாள். அன்றைக்கு மாலை தமிழ்க் கடையில் அரிசி வாங்கப் போனபோது கண் கலங்கியிருந்ததைக் கண்டு கடைக்காரர் விசாரித்தார். "அக்கா, இதுக்கு ஏன் பேங்க்? இங்க என்னட்டக் குடுங்க. ஒரு மணித்தியாலத்தில அங்க கிடைக்கும்" என்றார்.

கிடைத்தது. இங்கே குரோனரை அவரிடம் கொடுத்தால் கொழும்பில் அவருடைய ஆள் ரூபாயைக் கொடுப்பார். உண்டியல் என்று அதற்குப் பெயர். சட்டத்துக்கு வெளியே நடக்கிற காரியம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பாவின் ஸ்கான் அன்றைக்கே எடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் வங்கிப் பக்கம் போகவில்லை.

கொஞ்ச நாளில் கொழும்பிலுள்ள ஆள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டு ஒரு கணக்கு இலக்கம் கேட்டார். ஜெசிந்தா தன் சம்பளக் கணக்கைக் கொடுக்கப் பயந்தாள். அப்போதுதான் ஷெரினுக்குப் பதினெட்டு வயதாகியிருந்தது. கணக்குத் தொடங்கு, காசு வாங்கி அனுப்பக் கைபேசியில் வொலட் போடு என்று சொன்னது நான். அதற்கென்று நல்ல போன் ஒன்று அனுப்பியதும் நான்தான். அவள் இரண்டே நாளில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். யார் யாரோ, பெயர் தெரியாத மனிதர்கள், அவளுடைய கணக்கில் காசு போடுவார்கள். ஐந்து நிமிடத்தில் எனக்குச் செய்தி வரும்: "விழுந்திட்டு பெரியம்மா." பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம்.

அப்பா இறந்த பிறகும் அது நிற்கவில்லை. என்னோடு வேலை செய்யும் இரண்டு தோழிகள் தங்கள் வீட்டுக்கும் அப்படியே அனுப்பித் தரச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஷெரின் வாங்கி, பிரித்து, சொன்ன இலக்கங்களுக்கு அனுப்பிவிடுவாள். வத்தளைக்கு இவ்வளவு, நீர்கொழும்புக்கு இவ்வளவு. ஒரு பிழை வராது. "என் பெறாமகள் ஒரு பேங்க் மனேஜர்" என்று சமையலறையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

3

கடந்த ஜூலையில் நானும் லீனாவும் ஐந்து கிழமைக்குக் கொழும்பு போனோம். என் கணவர் அந்தோனி பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் இடம் போதாது என்று வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸை வாடகைக்கு எடுத்தோம். ஷெரின் எங்களோடு வந்து தங்கினாள். அவள் கணக்கியல் படித்த வகுப்பு அங்கிருந்து ஐந்து நிமிட நடைதான்.

வந்த முதல் வாரமே நான் குழந்தைப் பிள்ளை ஆகிவிட்டேன். பழக்கடையில் கியூஆர் அட்டை தொங்குகிறது, தையல் கடையில் தொங்குகிறது, இளநீர்க்காரர் தள்ளுவண்டியில் ஒட்டி வைத்திருக்கிறார். ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் மாற்றிக் கொடுக்கச் சில்லறை இல்லை என்கிறார்கள். நானும் வொலட் ஒன்று போட்டுக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன். அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டது. இன்னும் மனப்பாடமாக இருக்கும் என் பழைய இலக்கத்தை, கடைசியில் வி எழுத்தோடு, அழுத்தினேன். விபரம் பொருந்தவில்லை. இன்னொரு தரம். பொருந்தவில்லை. நோர்வேக் குடியுரிமை எடுத்தபோது நான் விட்டுக்கொடுத்தது எது என்று அந்தச் சின்னத் திரையில்தான் எனக்கு உறைத்தது.

"விடுங்க பெரியம்மா, நான் கட்டுறன்" என்று ஷெரின் போனைத் தூக்கிக் காட்டுவாள். டிக் என்று ஒரு சத்தம். நடந்துகொண்டே இருப்பாள்.

நான்காம் கிழமை முடிவில் ஒரு நாள் அந்தச் சத்தம் வரவில்லை. மருந்துக் கடையில் நின்றோம். அவள் இரண்டு தரம் முயன்றாள், முகம் வெளிறியது. "சிக்னல் இல்ல போல" என்றாள். நான் என்னுடைய அட்டையைக் கொடுத்தேன். அடுத்த நாள் ஜெசிந்தா அலுவலகத்திலிருந்து அரை நாள் லீவு போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் பொலிஸ் வந்து ஒரு துண்டு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. ஷெரின் வாக்குமூலம் கொடுக்க வர வேண்டும்.

"என்ன செய்தனீ?" என்று ஜெசிந்தா வாசலிலேயே கேட்டாள்.

ஷெரின் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு குறுஞ்செய்திக் குழுவில் வேலை விளம்பரம் பார்த்திருக்கிறாள். வீட்டிலிருந்து செய்யலாம், கொடுப்பனவு உதவியாளர், கணக்கியல் படிப்போருக்கு முன்னுரிமை. நேர்முகம் கூட நடந்திருக்கிறது, போனில், நல்ல ஆங்கிலம் பேசிய ஒரு மேடம். வேலை இதுதான்: கம்பனி வாடிக்கையாளர்கள் அவளுடைய வொலட்டுக்குக் காசு போடுவார்கள். பத்து நிமிடத்துக்குள் அவர்கள் சொல்லும் கணக்குக்கு அவள் மாற்றிவிட வேண்டும். நூற்றுக்கு இரண்டு அவளுக்கு.

"யாரெண்டு தெரியாத ஆக்களின்ட காசை நீ ஏன் வாங்கினாய்?" ஜெசிந்தாவின் குரல் உடைந்தது.

ஷெரின் தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, குற்றம் சாட்டுகிற பார்வையும் இல்லை. உண்மையாகவே விளங்காத ஒரு பிள்ளையின் முகம்.

"அப்பிடித்தானே அம்மா எப்பவும் வாறது?" என்றாள்.

4

பொலிஸ் நிலையத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். லீனாவை அனெக்ஸில் விட்டுவிட்டோம். விசாரித்தவர் ஒரு பெண் அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். கத்தவில்லை, மிரட்டவில்லை. வொலட்டோடு இணைத்திருந்த வங்கிக் கணக்கின் அறிக்கையை அச்சடித்து வைத்திருந்தார். முறைப்பாடு செய்தவர் சந்தமாலி என்ற இளம்பெண், ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்பவர். அவர் போட்ட காசு எந்த நாள், எத்தனை மணிக்கு ஷெரினிடம் வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று அதிகாரி பேனாவால் சுற்றி வைத்திருந்தார்.

ஷெரின் எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னாள். அழாமல் சொன்னாள். வகுப்புக் காசுக்கு ஒவ்வொரு தவணையும் பெரியம்மாவிடம் கேட்கக் கூடாது என்றுதான் வேலை தேடினேன் என்றும் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு அறிக்கையின் பழைய பக்கங்களைத் திருப்பினார்.

"இது இரண்டு மாதக் கதை என்கிறீர்கள். மூன்று வருடமாக யார் யாரோ உங்கள் கணக்கில் காசு போட்டிருக்கிறார்களே? நீங்களும் உடனே வேறு ஆட்களுக்கு அனுப்பியிருக்கிறீர்களே?"

பக்கம் பக்கமாக இருந்தது. அப்பாவின் ஸ்கானுக்குப் பிறகு வந்த ஒவ்வொன்றும். வத்தளை. நீர்கொழும்பு. ஷெரின் என் பக்கம் திரும்பவில்லை. வேண்டுமென்றே திரும்பவில்லை என்று அவளுடைய கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"தாத்தாவின் வைத்தியச் செலவுக்குச் சொந்தக்காரர்கள் உதவி செய்தார்கள்," என்றாள் சிங்களத்தில். "யார் யார் என்று இப்போது நினைவில்லை."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "மூன்று வருடமாகவா? நினைவில்லையா?"

நான் இரண்டடி தூரத்தில் இருந்தேன். கைப்பை மடியில். கைப்பைக்குள் சிவப்பு நோர்வே பாஸ்போட். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. ஜெசிந்தாவும் பேசவில்லை. மின்விசிறி சுற்றியது. அதிகாரி, நினைவில்லை என்கிறார் என்று எழுதிக்கொண்டார்.

5

ஒழுங்கைக்கு மேலே, காலி வீதி என்கிற பெரிய வீதியில் அறை வைத்திருந்த ஒரு தமிழ்ச் சட்டத்தரணியைப் பிடித்தோம். வயதானவர், எதையும் மறைக்காமல் பேசுகிறவர். ஷெரினை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எங்களிடம் சொன்னார்.

"பிள்ளை சொல்ற வேலைக் கதையை அவங்க நம்புவாங்க. இப்ப இப்பிடி எத்தனையோ பிள்ளைகள் மாட்டுது. ஆனா இந்த மூண்டு வருசம் இருக்கே, அதுதான் சிக்கல். இதைப் பார்க்கிற எவரும், இவ கன காலமா இதைத்தான் செய்றா எண்டுதான் நினைப்பாங்க."

"அது என்ட காசு எண்டு நான் சொன்னா?"

"சொன்னா பிள்ளைக்கு நல்லது. உங்களுக்கு நல்லதில்ல. உண்டியல் எண்டு வாயால ஒத்துக்கொள்றீங்க. மற்ற ஆக்களின்ட காசையும் அனுப்பினீங்க எண்டா இன்னும் மோசம். கோர்ட் நினைச்சா பாஸ்போட்டைக் குடுக்கச் சொல்லலாம். எப்ப பயணம்?"

"சனிக்கிழமை."

அவர் நாட்காட்டியைப் பார்த்தார்.

அந்த நான்கு நாளும் நான் ஓர் இடத்தில் இருக்கவில்லை. கடற்கரை ரயில் பாதையோரம் பம்பலப்பிட்டி வரை நடந்து திரும்புவேன். வந்து சூட்கேஸை அடுக்குவேன். அடுக்கினதைக் கலைப்பேன். அந்தோனியிடம் சொன்னேன். நீ வராமல் அங்கே மாட்டிக்கொண்டால் உன் வேலை என்ன ஆகும், லீனாவின் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஜெசிந்தா ஒன்றுமே கேட்கவில்லை. மத்தியானம் மீன் குழம்பு காய்ச்சி, கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் கொண்டு வந்து தந்தாள். "சாப்பிடு அக்கா, உனக்கு இது அங்க கிடைக்காது" என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

லீனாவிடம் நாங்கள் முழுவதும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவளும் ஷெரினும் ஓர் அறையில் படுப்பவர்கள். வியாழக்கிழமை காலை நான் சூட்கேஸோடு போராடிக்கொண்டிருக்க, அவள் கதவில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, எங்களுக்கு ஸ்கூல்ல இது படிப்பிச்சவங்க. உங்கட எக்கவுண்டை ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம், பிரெண்டுக்கும் குடுக்க வேண்டாம் எண்டு. நான் அப்ப நினைச்சனான், யார் இவ்வளவு முட்டாளா குடுப்பாங்க எண்டு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஷெரின் அக்கா முட்டாள் இல்ல. அவ நீ சொன்னதைச் செய்தவ."

"உனக்கு இது விளங்காது லீனா. தாத்தா ஆஸ்பத்திரியில..."

"விளங்குது. ஆனா தாத்தா செத்த பிறகும் நீ அனுப்பினாய்தானே." தமிழில் சொல் வராமல் நோர்வே மொழியில் ஏதோ தொடங்கினாள், அதை விட்டுவிட்டு மறுபடி தமிழுக்கு வந்தாள். "நீ பயப்படுறாயா?"

நீ என்று அவள் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அது தவறி விழுந்த சொல்லாக எனக்குக் கேட்கவில்லை. என் வயதுக்காரி ஒருத்தி நேருக்கு நேர் கேட்ட மாதிரி இருந்தது.

"ஓம்," என்றேன். "பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்," என்று சொல்லி உள்ளே வந்து சூட்கேஸில் உட்கார்ந்தாள்.

6

அன்றைக்கே நான் வாக்குமூலம் கொடுக்கப் பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது, தமிழில் வாக்குமூலம் எழுதுகிறவர் வெள்ளிக்கிழமைதான் வருவார் என்றார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். அவர் காய்ச்சலென்று வரவில்லை. திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்டார்கள். வாசலில் நின்று யோசித்தேன். திங்கட்கிழமை நான் பேர்கனில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கலாம். நான் வந்தேன், எழுத ஆள் இல்லை என்று காலம் முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டும் இருக்கலாம்.

"சிங்களத்திலேயே எழுதுங்க" என்றேன். ஷெரின் கூட வந்திருந்தாள், லீனாவும் வந்திருந்தாள்.

அந்தப் பெண் அதிகாரியின் முன் உட்கார்ந்தோம். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவளுக்குச் சிங்களம் வராதா என்று நம்பித் தொடங்கினேன். இருபத்தாறு வருடம் பேசாத மொழி. எனக்கு முன் ஷெரினின் வங்கி அறிக்கை விரித்திருந்தது. நான் அனுப்பிய பணம் இது, பிள்ளைக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் பக்கங்கள் எல்லாவற்றின் மேலும் கையை வைத்து, "ஒக்கொம மகே சல்லி" என்றுவிட்டேன். எல்லாமே என்னுடைய பணம்.

அதிகாரியின் பேனா நின்றது. "ஒக்கொமத?" எல்லாமேயா?

"யா, யா" என்றேன், நோர்வே மொழியில், தலையை வேறு ஆட்டிக்கொண்டு.

"இல்ல, இல்ல பெரியம்மா!" ஷெரின் பாய்ந்து என் கையைப் பிடித்தாள். "அந்த ஏமாத்தின காசும் உங்கட எண்டு எழுதப் போறாங்க!" பிறகு அதிகாரியிடம் திரும்பி வேகமாகச் சிங்களத்தில் விளக்கினாள். முந்திய மூன்று வருடம் மட்டும். கடைசி இரண்டு மாதம் வேறு. அதிகாரி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கின மாதிரி இருந்தது. பிறகு ஒவ்வொரு வரியாகப் போனோம். இது யார், இது எதற்கு, நோர்வேயில் யாரிடம் கொடுத்தீர்கள். தோழிகளின் பெயர்களையும் கேட்டார், சொன்னேன். கடைக்காரரின் பெயரைச் சொல்ல நாக்கு தடுமாறியது. சொன்னேன். எழுதி முடித்து வாசித்துக் காட்டினார்கள். எனக்கு அந்த எழுத்து இப்போது வாசிக்க வராது. ஷெரின் எனக்காக வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். கையெழுத்து வைத்தேன்.

வெளியே போட்டிருந்த நீள வாங்கில் முறைப்பாடு செய்த சந்தமாலி இருந்தாள். வேறொரு கையெழுத்துக்காக வரச் சொல்லியிருக்கிறார்கள். ஷெரினின் வயதுதான். களஞ்சியசாலைச் சீருடை ரீசேட், மடியில் சோற்றுப் பார்சல். வீடியோக்களுக்கு லைக் போடும் வேலை என்று அவளைச் சேர்த்திருக்கிறார்கள். முதலில் சின்னச் சின்னத் தொகை கொடுத்து, பிறகு உயர்ந்த நிலைக்குப் போக வைப்புப் பணம் கட்டச் சொல்லி, அவள் சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த வைப்பைத்தான் ஷெரின் வாங்கி அனுப்பியிருக்கிறாள்.

இவள்தான் ஷெரின் என்று தெரிந்ததும் சந்தமாலி எழுந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நான் நடுவில் போனேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை.

"மூன்று மாதத்தில் நிரந்தரமாக்குவோம் என்று உங்களுக்கும் சொன்னார்களா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றாள் ஷெரின். "கடிதமும் அனுப்பினாங்க. லோகோ எல்லாம் போட்டு." பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டு, சிங்களத்தில் திருப்பிச் சொன்னாள்.

இருவரும் போனை எடுத்தார்கள். ஒரே மேடம், சேலை கட்டிய அதே முகப்புப் படம். ஒருத்தியிடம் சம்பளம் தருவதாகவும் மற்றவளிடம் இலாபம் தருவதாகவும் பேசியிருக்கிறாள். வாங்கின் இரு முனையிலும் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, இரண்டு பேரும் செய்திகளை ஒப்பிட்டார்கள். சந்தமாலி அழத் தொடங்கினாள். ஷெரின் மன்னிப்புக் கேட்டாள். சந்தமாலி எழுந்து போகவில்லை.

7

சனிக்கிழமை லீனா தனியாகப் பறந்தாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்க கவனமா இருங்க அம்மா" என்றாள்.

நான் மேலும் மூன்று கிழமை நின்றேன், சம்பளமில்லாத லீவில். நீதிமன்றத்தில் ஷெரினைப் பிணையில் விட்டார்கள். என் பாஸ்போட்டைக் கேட்கவில்லை. ஆனால் என் வாக்குமூலம் வேறொரு பிரிவுக்குப் போகிறது, அழைத்தால் வர வேண்டும் என்றார்கள். இன்னும் அழைப்பு இல்லை. பேர்கனில் கைபேசி சிணுங்கும்போதெல்லாம் அதுதானோ என்று எடுத்துப் பார்க்கிறேன். தோழிகளில் ஒருத்தி என்னோடு பேசுவதில்லை. தமிழ்க் கடைக்கு நான் போவதில்லை; அரிசிக்கு இரண்டு பஸ் மாறிப் பாகிஸ்தான்காரர் கடைக்குப் போகிறேன்.

சந்தமாலியின் காசை முழுவதும் நானே கட்டுகிறேன் என்றேன். சட்டத்தரணியின் அறையில் வைத்து ஷெரின் அதை ஏற்கவில்லை. "பாதி நீங்க குடுங்க பெரியம்மா. அது உங்கட பாதி. மற்றது நான் உழைச்சுக் குடுக்கிறன்." இப்போது வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்துகொண்டு மாலையில் வகுப்புக்குப் போகிறாள். சந்தமாலியோடு சினேகம் ஆகிவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. மாதா மாதம் காசைக் கொண்டுபோய் ஒருகொடவத்தையில் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறாள், அவ்வளவுதான். போன மாதம் சந்தமாலி தேநீர் வாங்கிக் கொடுத்தாளாம்.

போன கிழமை ஷெரினின் பரீட்சைக் கட்டணத்துக்காக நான் வங்கி மூலம், படிவம் நிரப்பி, ஜெசிந்தாவின் கணக்குக்குக் கொஞ்சம் அனுப்பினேன். மூன்று வேலை நாள் கழித்து, நான் வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது ஷெரின் அழைத்தாள்.

"பெரியம்மா, காசு வந்திருக்கு. இது யார்ட காசு?"

"என்ன கேள்வி இது? என்ட காசுதான். சம்பளம்."

"அப்ப சம்பளத் துண்டு இருக்கும் தானே? அதை ஒருக்கா அனுப்புங்க."

"பேங்க்ல கேக்கிறாங்களா?"

"இல்ல," என்றாள். "நான் கேக்கிறன்."

கோபம் வந்தது. அழைப்பை வெட்டிவிட்டேன். நனைந்த ஜக்கெட்டைக் கூடக் கழற்றாமல் சமையலறையில் நடந்தேன். இருபத்தாறு வருடத்தில் என் சம்பளம் எவ்வளவு என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்பாவுக்குச் சொன்னதில்லை. ஜெசிந்தாவுக்குச் சொன்னதில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வருடம் மிச்சம் பிடித்து, சூட்கேஸ் நிறையச் சொக்லேட்டோடு இறங்கி, கேட்டதற்கெல்லாம் ஓம் என்று சொல்லி, வெள்ளவத்தையில் குளிரூட்டிய அனெக்ஸ் எடுத்து இருந்துவிட்டு வருவேன். திரும்பி வந்ததும் சனி ஞாயிறுகளில் மேலதிக வேலை.

மேசை இலாச்சியிலிருந்து துண்டை எடுத்தேன். மொத்தம், வரி, ஓய்வூதியம், சங்கச் சந்தா, மிச்சம். பக்கத்தில் வாடகைக் கடிதத்தையும் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. இரண்டையும் படம் பிடித்து அனுப்பினேன்.

பார்த்துவிட்டாள் என்று காட்டியது. கணக்கியல் படிக்கிற பிள்ளை. ரூபாயில் போட்டுப் பார்த்துக் கழித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு பதில் வந்தது.

"இவ்வளவுதானா பெரியம்மா?"

"ஓம் மகள்," என்று எழுதினேன். "இவ்வளவுதான்."